ஆணிக்குக் குனியாதே

பிராண்டி ஸ்டேஷன், வர்ஜீனியா
10 செப்டம்பர் 1967

அன்பு மகன் டாப்னிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் அப்படியே இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். அம்மாவின் முழங்கால் வலி மழைக்கு ஒரு நாள் முன்னால் வந்து மழையோடு போய்விடுகிறது. ரேடியோவில் வானிலை கேட்பதை நிறுத்திவிட்டோம்.

பால் வண்டி ஓடுகிறது. ஓர்வில் ஹிட் கீழ்வயலில் சோளத்தை அறுத்து மண்ணைப் புரட்டிப் போட்டிருக்கிறான். சனிக்கிழமை பால் கேன் எடுக்கும்போதே அனுமதி கேட்டுவிட்டு, மதியம் உலோகம் தேடும் கருவியோடு போனேன். நூற்று நாலு வருஷத்துக்கு முன், உள்நாட்டுப் போரில், வடக்குப் படை குளிர்காலம் முழுக்கக் கூடாரம் போட்டிருந்த அதே சரிவு. மூன்று வளையம் போட்ட ஈயக்குண்டு பதினொன்று, கழுகு பொறித்த பித்தளைப் பொத்தான் ஒன்று. ஒரு குண்டில் பல் பதிந்திருக்கிறது. எவனோ வலியில் கடித்தானோ, வேலையில்லாமல் கடித்தானோ. நீ இருந்தால் முப்பது எடுத்திருப்பாய். என் காதுக்கு வயதாகிவிட்டது.

ஹிட் வேலியில் சாய்ந்துகொண்டு, “வில்லிஸ், உன் பையனை எங்க போட்டிருக்காங்க? துப்பாக்கியோட காட்டுக்குள்ளயா?” என்றான்.

“என் பையன் ஏன் காட்டுக்குள்ள போறான்? அவன் அப்பன் மூளைக்காரன்” என்றேன்.

உண்மைதானே? ராணுவம் கட்டாயமாக இழுத்துக்கொண்டு போகுமுன் நாமே போய்ச் சேர்ந்தால் பிரிவைக் கேட்டு வாங்கலாம் என்று சொன்னது யார்? ‘ஒன்பது வயதிலிருந்து உலோகம் தேடும் கருவி பிடிக்கிறான், இந்த மாவட்டத்திலேயே இவன் காதுக்கு ஈடில்லை’ என்று ஆள் சேர்க்கும் சார்ஜென்ட்டிடம் கைப்பட எழுதிக்கொடுத்தது யார்? கருவி பழுதுபார்க்கும் கூடத்தில் மேசைக்குப் பின்னால் உட்காரவைப்பார்கள் என்று நான் சொன்னபோது அவரும் தலையாட்டினாரே. மேசை எப்படி இருக்கிறது, கூரை ஒழுகுகிறதா, எழுது.

உன் அப்பா,
வில்லிஸ் யோவெல்

பி.கு. வாணலியை மண்ணோடு வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று உனக்குப் போட்ட சட்டத்தை அம்மா இப்போது எனக்குப் போடுகிறாள். பத்து வருஷத்துக்கு மேலாகியும் அவளுக்கு அது கருவி ஆகவில்லை, வாணலிதான்.


வியட்நாம்
2 அக்டோபர் 1967

அன்புள்ள அப்பா, அம்மா,

நான் சுகம். கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் சுகத்துக்கு மழை பெய்யாமல் இருக்கட்டும்.

அப்பா, நீங்கள் எழுதிக்கொடுத்த கடிதம் எனக்கு முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. முதல் நாளே எங்களை வரிசையில் நிறுத்தி இங்குள்ள சார்ஜென்ட் அதைச் சத்தமாகப் படித்தார். “யாருய்யா யோவெல்? தொப்பியக் கழட்டு. அந்தக் காதப் பாப்போம்” என்றார். அன்றிலிருந்து எனக்குக் ‘காது’ என்றே பெயர். சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இன்னும் டாப்னி.

மேசை உண்டு. கூரை தகரம், ஒழுகவில்லை. கருவிகள் நம் வாணலிக்குப் பேரப்பிள்ளைகள், பாதி எடைதான். காலையில் கொஞ்சம் நடை உண்டு, மற்றபடி சுலபமான வேலை. பக்கத்துக் கட்டிலில் லோனி டெக்கர், லாரி ஓட்டுகிறவன். அயோவாவில் அவன் அப்பாவுக்குப் பன்றிப் பண்ணை. தூக்கத்தில் பன்றிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பல் பதிந்த குண்டைப் பற்றிச் சொன்னேன். “சும்மா அளக்காத, காது” என்கிறான். அதை அனுப்புங்கள், அவன் வாயை அடைக்க வேண்டும். அம்மா இஞ்சி பிஸ்கட்டும் அனுப்பினால் என் வாயும் அடையும்.

அன்பு மகன்,
டாப்னி


பிராண்டி ஸ்டேஷன்
22 அக்டோபர் 1967

அன்பு மகனுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தைத் தீவனக்கடையில் மூன்று முறை படித்துக்காட்டினேன். நாலாவது முறை எடுத்தபோது ஹிட், “மேசை, தகரக் கூரை, காது. எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு, உள்ள வை” என்றான். அவனுக்குப் பொறாமை.

குண்டு இதோடு வருகிறது. வழக்கம்போலச் சீட்டில் சுற்றியிருக்கிறேன்: வயல், தேதி, எடுத்தவன் பெயர், ஊர். சீட்டைத் தொலைக்காதே. சீட்டில்லாத குண்டு வெறும் ஈயம். பிஸ்கட் இரண்டு டப்பா, ஒன்று பன்றிக்காரனுக்கு.

ஹிட்டின் எரிந்துபோன களஞ்சியம் இருந்த இடத்தில் இன்று நடந்தேன். நினைவிருக்கிறதா? முதல் நாள் நீ அங்கே அறுபத்து மூன்று ஆணி தோண்டினாய். கை கொப்புளித்து அழுதாய். அன்றைக்குத்தான் சொன்னேன்: “ஆணிக்குக் குனியாதே. ஈயமும் பித்தளையும் உருண்டையாச் சத்தம் போடும். ஆணி கீச்சுனு சுரண்டும். சுரண்டுனா நிக்காதே, நடந்துட்டே இரு.” அடுத்த வருஷமே உன் கால் தானாகவே ஆணியைத் தாண்டப் பழகிவிட்டது. நான் யோசித்துத் தாண்டுவேன், நீ யோசிக்காமல் தாண்டுவாய். அதுதான் உன்னிடம் எனக்குப் பெருமை.

ஒன்று கேட்க வேண்டும். மேசையில் உட்காருகிறவனுக்குக் காலையில் எதற்கு நடை?

அப்பா


வியட்நாம்
18 நவம்பர் 1967

அன்புள்ள அப்பா,

சுகம். அம்மாவிடம் பிஸ்கட்டுக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்துக்காட்ட வேண்டாம்.

மேசை இருப்பது நிஜம். மத்தியானத்துக்கு மேல் அதில் உட்காருகிறேன். காலையில் ஆறு மைல் செம்மண் சாலை. இரவில் யாராவது எதையாவது புதைத்திருப்பார்கள், வண்டிகள் கிளம்புமுன் நான் கருவியோடு முன்னால் நடந்து பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் மண்டி போட்டுக் கம்பியால் சரிவாகக் குத்திப் பார்ப்போம். இதுவரை பதினாலு கண்ணிவெடி எடுத்திருக்கிறேன். எல்லாம் தட்டு அளவு இரும்பு, ஹிட் வயலில் குண்டு பாடுவதைப் போலத்தான் பாடுகின்றன. மேஜரே வந்து கை கொடுத்தார். கவலைப்படாதீர்கள், எனக்கு இது தெரிந்த தொழில்.

எனக்குப் பின்னால் முதல் வண்டி லோனியுடையது. “நீ குனியிறப்பல்லாம் நான் ஒரு சிகரெட் பிடிச்சுக்கறேன். நல்லாக் குனி, காது” என்பான். குண்டைச் சீட்டோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருப்பித் தர மறுக்கிறான்.

நாங்கள் முடிக்கும்வரை இந்த ஊர் உழவர்கள் எருமையோடு சாலையோரம் காத்திருக்கிறார்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஹிட் மாதிரியே முகத்தைச் சுளிக்கிறார்கள்.

டாப்னி


பிராண்டி ஸ்டேஷன்
5 டிசம்பர் 1967

அன்பு மகன் டாப்னிக்கு,

சுகம் என்று எழுதவேண்டும், எழுதுகிறேன். உன் கடிதத்தைக் கருவிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். பத்து வருஷமாக வாணலியைத் தொடாதவள் நேற்று அதைத் துடைக்க எடுத்திருக்கிறாள். படித்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

இன்று பால் இறக்கிவிட்டு அப்படியே வண்டியோடு கல்பெப்பர் போய், ஆள் சேர்த்த அந்த சார்ஜென்ட்டைப் பார்த்தேன். “மேசைன்னு சொன்னீங்களே” என்றேன்.

“நான் சொல்லலை பெரியவரே. நீங்க சொன்னீங்க, நான் தலையாட்டினேன். மாவட்டத்துலயே நல்ல காதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? நல்ல காத யாராவது மேசைல வைப்பாங்களா?”

மனுஷன் கெட்டவர் இல்லை. காப்பி கொடுத்தார். நான் அதைக் குடிக்காமல் அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

டாப்னி, நான் சொல்வதைக் கேள். காது மந்தமாகிவிட்டது என்று டாக்டரிடம் சொல்லிவிடு. வெடிச்சத்தத்தில் இரைகிறது என்று சொல். பரிசோதிக்கும்போது விசில் கேட்டாலும் கேட்கவில்லை என்று சொல். நீ பொய் சொல்லி நான் அடித்திருக்கிறேன். இந்த ஒன்றுக்கு அடிக்கமாட்டேன்.

அப்பா


வியட்நாம்
27 டிசம்பர் 1967

அன்புள்ள அப்பா, அம்மா,

நலம். கிறிஸ்துமஸுக்கு வான்கோழி கிடைத்தது. அது செத்தது போன கிறிஸ்துமஸில் என்கிறான் லோனி.

அப்பா, நீங்கள் சொன்னதை யோசித்தேன். பொய் சொல்வது கஷ்டமில்லை. ஆனால் நான் விலகினால் அடுத்தவன் கார்வர். சாப்பாட்டு மணி அடித்தாலே அவனுக்குக் கேட்காது. அவன் லோனிக்கு முன்னால் நடப்பதை நான் மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். லோனியிடம் இதைச் சொன்னேன். சிரிக்காமல், “நீ முன்னால போற வரைக்கும் நான் கண்ண மூடிட்டு ஓட்டுவேன்னு வீட்டுக்கு எழுதியிருக்கேன். எங்கம்மாவப் பொய்க்காரி ஆக்கிடாத. ஊருக்கே சொல்லியிருப்பா” என்றான்.

ஆகஸ்டில் வந்துவிடுவேன். ஹிட் வயலை மிச்சம் வையுங்கள்.

டாப்னி


பிராண்டி ஸ்டேஷன்
8 பிப்ரவரி 1968

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். ஜனவரியில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. தபால் எங்காவது தேங்கியிருக்கும். டிவியில் உங்கள் பக்கம் எல்லாம் புகையாகக் காட்டுகிறார்கள். அம்மா அந்த நேரத்துக்கு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

தபால் வண்டி வருவது பத்தரைக்கு. அவள் பத்துக்கே சாலையோரம் போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முழங்கால் வலியைப் பற்றி இப்போது பேசுவதில்லை. நான் வயலுக்குப் போகவில்லை, தரை இறுகிக் கிடக்கிறது. நீ ஒரு வரி எழுதினால் போதும். சுகம் என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, உன் கையெழுத்து இருந்தால் போதும்.

அப்பா


வியட்நாம்
20 பிப்ரவரி 1968

அப்பா, அம்மாவுக்கு,

எனக்கு அடி ஒன்றும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

லோனிக்கு இனி பிஸ்கட் அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் வெடியை மரப்பெட்டியில் செய்கிறார்கள். ஆள் மிதித்தால் வெடிக்காது, லாரி ஏறினால்தான். இரும்பே கிடையாது. பலகையைச் சேர்த்து அடித்த நாலு ஆணி மட்டும்தான்.

ஹிட்டின் களஞ்சியத்தில் ஆணியைப் பற்றி நீங்கள் சொன்னதை எழுதியிருந்தீர்களே, அந்தக் கடிதம் நனைந்து கிழிந்துவிட்டது. இன்னொரு முறை எழுதி அனுப்புங்கள். ஒரு வார்த்தை மாறக் கூடாது. நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று பார்க்க வேண்டும்.

டாப்னி


பிராண்டி ஸ்டேஷன்
6 மார்ச் 1968

டாப்னி, என் மகனே,

“ஆணிக்குக் குனியாதே. ஈயமும் பித்தளையும் உருண்டையாச் சத்தம் போடும். ஆணி கீச்சுனு சுரண்டும். சுரண்டுனா நிக்காதே, நடந்துட்டே இரு.”

வார்த்தை மாறவில்லை. நீ சரியாகத்தான் வைத்திருந்தாய். நான் சொல்லிக்கொடுத்த எதையும் நீ தவறாக வைத்துக்கொண்டதே இல்லை.

உனக்குக் கேட்டது, இல்லையா? கேட்டது, ஆனால் கால் நிற்கவில்லை. பதில் எழுத வேண்டாம். அந்தக் காலை அப்படிப் பழக்கியவன் நான். அந்தக் காதைத் தபாலில் வைத்து அங்கே அனுப்பியவனும் நான். நீ அந்த ஆணியைத் தாண்டவில்லை, நான்தான் தாண்டினேன். இதை நீ நம்ப வேண்டும் என்று எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பால் வண்டிக்காரனுக்கு அதற்கு வார்த்தை இல்லை.

யாரிடமும் சொல்லாதே. யார் கேட்டாலும் சத்தமே வரவில்லை என்று சொல்.

தரை இளகிவிட்டது. நாலு நாளாக ஹிட்டின் களஞ்சிய இடத்தில் ஆணி தோண்டுகிறேன். ஹிட் வந்து வாளியை எட்டிப் பார்த்தான். “என்ன வில்லிஸ், ஆணிக்குப் போயா குனியற?” என்றான். ஆமாம் என்றேன். அவன் இன்னொரு வாளி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அம்மா வந்து வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை எடுத்தாலும் கீழே இன்னும் சுரண்டுகிறது.

அப்பா


ஆட்டம்வா, அயோவா
30 மார்ச் 1968

திரு. வில்லிஸ் யோவெல் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். முன்பின் தெரியாதவன் எழுதுவதை மன்னிக்க வேண்டும். நான் லோனியின் அப்பா, எமில் டெக்கர்.

ராணுவம் அனுப்பிய அவன் பொருட்களில், சட்டைப் பையில் இருந்ததாக ஒரு ஈயக்குண்டு வந்தது. சுற்றியிருந்த சீட்டில் உங்கள் பெயரும் ஊரும் இருந்தன. அதனால்தான் எழுதுகிறேன். இது என்ன குண்டு? யார் கடித்தது? லோனிதான் கடித்தானோ என்று என் மனைவி கேட்கிறாள்.

உங்கள் மகனைப் பற்றி லோனி நிறைய எழுதியிருந்தான். ‘காது முன்னால் நடக்கிறான், அவன் எதையும் விடமாட்டான்’ என்று ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கும். ராணுவத்தின் கடிதத்தில் ‘கண்ணிவெடி’ என்று ஒரே சொல்தான் இருக்கிறது. அன்றைக்கு உங்கள் மகன்தான் முன்னால் நடந்தானா? அது எப்படித் தப்பியது? யாரையும் குறை சொல்லக் கேட்கவில்லை. என் மனைவி இரவில் எழுந்து கேட்கும்போது சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் மகனிடம் கேட்டு எழுதினால் உதவியாக இருக்கும்.

தங்கள்,
எமில் டெக்கர்


பிராண்டி ஸ்டேஷன்
9 ஏப்ரல் 1968

அன்புள்ள டெக்கர் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மனைவிக்கு என் மனைவி லீத்தா அன்பைச் சொல்லச் சொன்னாள்.

குண்டு இங்கே ஹிட் என்பவரின் வயலில் நான் எடுத்தது. 1863 குளிர்காலத்தில் யாரோ ஒரு சிப்பாய் கடித்தது. உங்கள் மகன் கடிக்கவில்லை. அது உங்களிடமே இருக்கட்டும். சீட்டில் என் பெயருக்குக் கீழே லோனியின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் அதுதான் முறை, வைத்திருந்தவர் பெயரும் சீட்டில் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு என் மகனைக் கேட்கத் தேவையில்லை, எனக்கே தெரியும். முன்னால் நடந்தது டாப்னிதான். ஆனால் அந்த வெடி மரப்பெட்டியில் செய்தது. அதில் இரும்பு கிடையாது. எந்தக் கருவியும் சத்தம் கொடுத்திருக்காது. உலகத்தில் எந்தக் காதுக்கும் அது கேட்டிருக்காது. நான் பத்து வருஷத்துக்கு மேல் கருவி பிடித்தவன், என் வார்த்தையை நீங்கள் நம்பலாம்.

உங்கள் மகன் என் மகன்மேல் வைத்த நம்பிக்கைக்கு நான் உங்களுக்குக் கடன்பட்டவன்.

வில்லிஸ் யோவெல்


ஆட்டம்வா, அயோவா
2 மே 1968

அன்புள்ள வில்லிஸ் அவர்களுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே பன்றிகள் குட்டி போடும் காலம், அதனால் பதில் தாமதம். அது மட்டும் காரணமில்லை.

ஒரே நாள் தபாலில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று உங்களுடையது. இன்னொன்று உங்கள் மகனுடையது. நான் அவனைக் கேட்கவில்லை, அவனாகவே எழுதியிருக்கிறான். ‘எனக்குக் கேட்டது. ஆணி என்று நினைத்தேன். ஆணிதான். நான் குனியவில்லை’ என்று எழுதியிருக்கிறான். உங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இரண்டையும் மேசையில் வைத்து மாறி மாறிப் படித்தேன். பிறகு உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக்காட்டினேன். “அப்ப யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுல்ல?” என்றாள். முடியாது என்றேன். அன்றிரவு அவள் எழுந்திருக்கவில்லை. உங்கள் மகனுடையதைக் கொட்டகையில் தீவனப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அவனுக்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். திட்டவும் வரவில்லை, தேற்றவும் வரவில்லை. உங்கள் பொய்க்காக உங்கள்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அவன் இன்னும் அந்தச் சாலையில்தான் நடக்கிறானாம். லோனியின் இடத்தில் இப்போது யாரோ ஒரு புதுப் பையன் லாரி ஓட்டுகிறானாம், பெயர் எழுதவில்லை. அந்தப் பையனுக்கும் எங்கேயோ ஒரு அப்பா இருப்பார்.

இனி நான் உங்களுக்கு எழுதமாட்டேன். நீங்கள் மகனுக்கு எழுதும்போது என் பேரில் ஒன்றே ஒன்று சேர்த்து எழுதுங்கள். எல்லா ஆணிக்கும் குனியச் சொல்லுங்கள்.

எமில் டெக்கர்